சோழமண்டலக் கருங்காலி நாற்காலி

கைப்பிடியில்லாத, முதுகு நேரான, பிரம்பு பின்னிய இருக்கை கொண்ட கருங்காலி மர நாற்காலி. 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், சோழமண்டலக் கரையில் ஐரோப்பியருக்காகச் செய்யப்பட்டது. பழவேற்காட்டில் கோட்டை கட்டியிருந்த டச்சுக்காரர் 1658இல் நாகப்பட்டினத்தையும் போர்த்துக்கீசரிடமிருந்து கைப்பற்றினர். தரையிலும் திண்ணையிலும் அமர்ந்து பழகிய ஊர்த் தச்சருக்கு நாற்காலி அன்னிய உரு. வடிவம் வாங்கியவருடையது, வேலைப்பாடு செய்தவருடையது. கயிறு முறுக்கியதுபோல் கடைந்த கால்களும் கம்பிகளும் அக்கால ஐரோப்பிய நாகரிகம். சட்டங்களில் இடைவெளி விடாமல் படரும் பூங்கொடி, அதனூடே கிளியும் கடற்கன்னியும் தச்சர் சேர்த்தவை. கருங்காலி இரும்புபோல் கனமும் கடினமும் உள்ளது. உளி எளிதில் இறங்காது. அந்த மரத்தில் இவ்வளவு நுண்மையான செதுக்கல் என்பதே இந்நாற்காலியின் பெருமை.

இங்கிலாந்துக்குப் போனபின் இதன் பிறப்பிடம் மறந்துபோயிற்று. எட்டாம் ஹென்றியின் அமைச்சரான கர்தினால் வுல்சி தங்கியிருந்த ஈஷர் மாளிகையில் இத்தகைய நாற்காலிகளைக் கண்ட எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல், இவை ஹென்றியின் டியூடர் மரபு ஆண்ட காலத்தவை என்று முடிவு கட்டினார். 1763இல் ஓர் ஏலத்தில் சிலவற்றை வாங்கித் தம் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகையில் வைத்தார். அவர் சொல்லுக்கு மதிப்பு அதிகம். பழமை விரும்பிய செல்வர் பலரும் அவரைப் பின்பற்றித் தேடி வாங்கினர். கறுத்த மரமும் முறுக்குக் கால்களும் பார்ப்பதற்குப் பழமையாகத் தோன்றின. அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் இருக்கையே சாட்சி சொல்லியிருக்கும். பிரம்பு தென்கிழக்காசியக் காடுகளின் கொடி. 1664 வாக்கில்தான் பிரம்பு நாற்காலி இங்கிலாந்தில் புழக்கத்துக்கு வந்ததாக லண்டன் பிரம்பு நாற்காலிக்காரர்களே கூறியிருக்கிறார்கள். இருக்கைக்குத் துணி போர்த்தும் வழக்கம் குறைந்ததால் பிழைப்புக் கெட்டதென்று கம்பளி வணிகர்கள் நாடாளுமன்றத்தில் முறையிட்டபோது, ஆண்டுக்கு ஏறத்தாழ 6,000 டஜன் செய்கிறோம், 2,000 டஜனுக்கு மேல் ஏற்றுமதியாகிறது என்று நாற்காலிக்காரர்கள் பதில் கொடுத்தனர். வுல்சி இறந்ததோ 1530இல்.

எழுத்துச் சான்றும் இருந்தது. அம்போன் தீவில் வாழ்ந்த இயற்கையியலாளர் ரம்ஃபியஸ், சோழமண்டலக் கரையில் கருங்காலியில் நாற்காலிகள் செய்யப்படுவதைத் தம் தாவர நூலில் குறித்திருந்தார். அந்நூல் ஆம்ஸ்டர்டாமில் 1741 முதல் அச்சாகத் தொடங்கியது. வால்போல் ஏலத்துக்குப் போவதற்கு இருபதாண்டுகளுக்கு முன்பே. இவை இந்தியாவில் செய்தவை என்று ஆய்வாளர் உறுதிப்படுத்தியது வெகுகாலம் கழித்துத்தான்.

மரம் முந்நூறு ஆண்டு நின்றாலும் பின்னல் நிற்பதில்லை. சட்டத்தைச் சுற்றித் துளையிட்டு, பிரம்பின் மேல்தோலைக் கீறி நாராக்கி, நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைவாட்டத்திலும் இழுத்துக் கட்டுவது முறை. காய்ந்து நொறுங்கினால் புதிதாகப் பின்னுவார்கள். ஆகவே இன்று அருங்காட்சியகங்களில் காணும் பல நாற்காலிகளில் சட்டம் பழையது, இருக்கை பிற்காலத்தது.