முத்துக்குளித்த கடலில் ஒரு பகற்பொழுது

சென்ற கோடையில் இறுதியாண்டு மாணவர் சிலர் நம்மிடம் ஒரு விளம்பரத்தைக் கொண்டுவந்து காட்டினர். தாய்லாந்துக் கடலில் ஒருநாள் படகுப் பயணம். காலையில் ஏறினால் மாலைவரை நான்கைந்து தீவுகள், இடையிடையே நீச்சல், காலைச் சிற்றுண்டியும் மதிய உணவும் படகிலேயே. ‘இப்படியொன்று நம் கடலில் கிடையாதா, ஐயா?’ என்பது அவர்கள் கேள்வி.

காரியாபட்டி மாணவர் இதனைக் கேட்டதே நமக்குச் சற்று வியப்பளித்தது. மதுரை-தூத்துக்குடி நெடுஞ்சாலையில் விரைந்து செல்லும் மீன் வண்டிகளும் உப்பு லாரிகளுமே இவ்வூருக்குக் கடலைக் காட்டுவன. இங்கு முன்தலைமுறையினர் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு கமலைக் கிணறுகளில் நீச்சல் பழகினர். இன்று அக்கிணறுகளில் பல தூர்ந்துவிட்டன. நம் வகுப்பில் நீந்தத் தெரிந்தவர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே.

எனினும் இவ்வறட்சி நிலத்துக்கும் அக்கடலுக்கும் உறவு இல்லாமல் இல்லை. திருச்சுழியைத் தொட்டுச் செல்லும் குண்டாறு கமுதி வழியே சென்று மூக்கையூர்ப் பக்கம் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. மழை பொய்க்காத ஆண்டில் நம் கண்மாய்களின் மறுகால் நீர் சென்று சேரும் இடம் அதுவே. திருச்சுழித் தலபுராணமோ ஊழி வெள்ளத்தைச் சிவபெருமான் சூலத்தால் குத்திய குழியில் சுழித்து இறங்கச் செய்தார் என்கிறது. குடிநீருக்கு அலையும் நாட்டின் ஊர்ப்பெயரில் ஒரு பெருவெள்ளம் உறைந்து கிடப்பது எண்ணத்தக்கது.

மாணவர் கேள்விக்கு வருவோம். தீவுகளிடையே படகு செலுத்தி, கடலில் இறங்கி, மாலையில் கரை திரும்பும் பகற்பயணம் நம் கடலில் ஈராயிரம் ஆண்டுகளாக நடந்து வந்திருக்கிறது. அதில் சென்றவர் சுற்றுலாப் பயணிகள் அல்லர் என்பதே வேறுபாடு.

தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை கரையை ஒட்டி 21 தீவுகள் நான்கு கூட்டங்களாகக் கிடந்தன. தூத்துக்குடிக் கூட்டத்தில் வான், காசுவாரி, விலங்குசல்லி, காரியசல்லி. வேம்பார்க் கூட்டத்தில் உப்புத்தண்ணி, புலுவினிசல்லி, நல்லதண்ணி. கீழக்கரைக் கூட்டத்தில் ஆனைப்பார், அப்பா, தலையாரி, வாழை, முல்லி முதலிய ஏழு. மண்டபக் கூட்டத்தில் முயல், மனோலி, குருசடை முதலிய ஏழு. இப்பெயர்களைக் கரும்பலகையில் எழுதியபோது மாணவர் இரண்டு பெயர்களில் நின்றனர்: நல்லதண்ணி, உப்புத்தண்ணி. நம் ஊர்களில் கிணறுகளுக்கு வழங்கும் பெயர்கள் அல்லவா இவை! பகல் முழுதும் கடலில் கழிப்பவனுக்கு முதலில் தெரிய வேண்டியது குடிநீர் எங்கே என்பது. இத்தீவுகளுக்குப் பெயரிட்டவர் அங்கே உழைத்து விடாய்த்தவர் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

அவ்வுழைப்பில் தலையாயது முத்துக்குளித்தல். கொற்கையின் முத்தை மதுரைக்காஞ்சி பேசுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற ‘எரித்ரேயக் கடல் பெரிப்ளூஸ்’ என்னும் வணிகர் வழிகாட்டி நூல், பாண்டிய நாட்டுக் கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்தெடுத்தனர் என்று குறிக்கிறது. ஒருவனுக்கு மகிழ்வூட்டும் நீரில் மற்றொருவன் தண்டனையாக மூழ்கியிருக்கிறான். 1968-69இல் தமிழகத் தொல்லியல் துறை கொற்கையில் நடத்திய அகழாய்வில் கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 785 எனக் கணிக்கப்பெற்றது. அக்கொற்கை இன்று கடற்கரையில் இல்லை. தாமிரபரணி கொணர்ந்து குவித்த வண்டல், கடலைச் சில கல் தொலைவு அப்பால் தள்ளிவிட்டது.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடல் வழியே சென்ற மார்க்கோ போலோ, வணிகர் கூட்டமாக வந்து குளியாளிகளை அமர்த்திக்கொண்டு ஏப்ரலிலும் மே முற்பாதியிலும் முத்தெடுத்ததை எழுதியுள்ளார். எடுத்ததில் பத்திலொன்று அரசனுக்கு. இருபதிலொன்று சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவோருக்கு. அம்மந்திரம் பகலுக்கு மட்டுமே உரியது என்றும், எவரும் களவாக இறங்கிவிடாதிருக்க இரவில் கட்டை அவிழ்த்துவிடுவர் என்றும் அவர் கூறுகிறார். சுறாக்கட்டு குளியாளியைக் காத்ததோ இல்லையோ, இரவில் கடலுக்கு ஒரு பூட்டாகப் பயன்பட்டது. பிற்காலத்தில் இத்தொழில் செய்தோரைக் ‘கடல்கட்டி’ என்றனர்.

ஆங்கிலேயர் காலத்து முத்துக்குளிப்பு விரிவாகவே பதிவாகியுள்ளது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு எடுப்பைப் பற்றி 1890இல் ஒரு நூல் வெளியிட்டார். அக்காலத்துப் பதிவுகளிலிருந்து ஒரு நாளின் நடைமுறையைக் கோத்துப் பார்க்கலாம். நள்ளிரவில் கரைக்காற்று எழும்போது தோணிகள் பாய் விரிக்கும். பொழுது விடியப் பார்களை அடையும். பார் என்பது கடலடியில் சிப்பி விளையும் பாறைத்திட்டு. அரசுக் கப்பலில் குறி வெடி வெடித்த பின்னரே எவரும் இறங்கலாம். கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்துக் குளியாளி இறங்குவான். ஏறத்தாழ ஒரு நிமிடம் அடியில் இருந்து சிப்பிகளை வாரிப் பையில் இடுவான். மேலே கயிறு பிடிப்பவன் இழுத்துக்கொள்வான். ஒரு கல்லுக்கு இருவர் என மாறிமாறி மூழ்குவர். நண்பகலில் மீண்டும் வெடி. அதற்குமேல் ஒரு முழுக்கும் கூடாது. பிற்பகலில் கடற்காற்று தோணிகளைக் கரைக்குத் தள்ளும். எடுத்த சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசுக்கு. எஞ்சிய ஒரு பங்கே குளித்தவருக்கு. பரதவர் குலத்தின் சாதித் தலைவருக்கும் தனி உரிமைகள் இருந்தன.

படகில் உணவு எனும் செய்தியும் இங்கு நோக்கத்தக்கது. கொழும்புக்குச் சரக்கேற்றிச் சென்ற தூத்துக்குடித் தோணிகளில் தண்டல், சுக்கானி ஆகியோருடன் சமையலுக்கென்றே பண்டாரி ஒருவர் இருப்பார். முழுக்கோ வயிற்றை ஒடுக்கிச் செய்யும் தொழில். பாரசீக வளைகுடாவின் முத்துக்குளியாளர் காலையில் சில பேரீச்சம்பழமும் காப்பியும் மட்டும் கொண்டு, முழுக்கெல்லாம் முடிந்த பின்னரே வயிறார உண்டனர். விளம்பரத்துப் பயணி உண்டபின் நீந்துகிறான். இவர்கள் நீந்தியபின் உண்டார்கள்.

இவ்வளவும் சொன்னது முத்துக்குளித்தலின் துயரத்தைப் பாடுவதற்கு மட்டுமன்று. அதனுள் இருந்த ஓர் ஒழுங்கைச் சுட்டவே. முத்துச் சலாபம் ஆண்டுதோறும் நடந்ததில்லை. சிப்பி முற்றுவதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். முன்னதாகவே பார்களைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்துப் பார்த்து, விளைந்திருந்தால் மட்டுமே சலாபம் அறிவிப்பர். தேறாவிடில் கடல் மூடியே கிடக்கும். 1862க்கும் 1889க்கும் இடையே தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடைபெறவேயில்லை. 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்ததே இறுதிச் சலாபம்.

இதனை வகுப்பில் கூறியபோது பின்வரிசை மாணவர் ஒருவர், ‘நம்ம அழிகண்மாய் மாதிரிதான், ஐயா’ என்றார். மிகச் சரியான ஒப்புமை. நம் ஊர்களில் கண்மாய் நீர் வற்றும்வரை மீனை எவரும் தொடுவதில்லை. கோடையில் ஒருநாள் குறித்து அண்டை ஊர்களுக்குச் சொல்லிவிடுவர். கூடிய கூட்டம் ஊத்தாவும் வலையுமாய்க் கரையில் காத்து நிற்கும். ஊர்ப்பெரியவர் வெள்ளைத் துண்டை வீசிய பின்னரே நீரில் கால் வைக்கலாம். குளியாளிக்கு வெடியோசை, நமக்கு வெள்ளைத் துண்டு. மானாவாரி நிலத்தவரும் நெய்தல் நிலத்தவரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே முறையைக் கண்டிருக்கின்றனர். நீரைத் திறப்பதற்கு ஒருநாள் வேண்டுமாயின், மூடி வைப்பதற்குப் பல நாள் வேண்டும்.

மூடி வைக்காதவிடத்து நேர்ந்ததற்கும் இதே கடல் சான்று. பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் தோணி தோணியாய் வெட்டியெடுத்தனர். அலையைத் தடுத்த அரண் போனதும் தீவுகள் கரையத் தொடங்கின. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரண்டும் நீருள் மூழ்கிவிட்டன. 21 என்பது இன்று ஏட்டுக் கணக்கே. 1969இல் ஏறத்தாழ 20 ஹெக்டேர் பரப்புடையதாயிருந்த காரியசல்லித் தீவு 2018இல் ஆறு ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. 1986இல் இத்தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. 1989இல் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பெற்றன. அலை வேகத்தைக் குறைக்க வான் தீவைச் சூழச் செயற்கைப் பாறைகள் இடப்பெற்றுள்ளன.

ஆகவே மாணவர் விரும்பிய பயணம் இன்று இங்கே இயலாது. இயல்வது ஒன்று உண்டு. பாம்பனை அடுத்த குந்துகாலிலிருந்து வனத்துறை குருசடைத் தீவுக்குப் படகு விடுகிறது. விவேகானந்தர் 1897 சனவரியில் மேலை நாடுகளிலிருந்து திரும்பியபோது இறங்கிய கரை அது. குருசடை அறிவுலகம் நன்கறிந்த தீவு. அதன் கரையோர உயிரினங்களைப் பற்றிச் சென்னை அருங்காட்சியகம் 1927இல் ஒரு தொகுதியே வெளியிட்டது. விடியுமுன் புறப்பட்டு அங்கே சென்றோம். தீவில் இறங்கி நடக்கலாம், நீந்தக் கூடாது, உணவுப்பொதிகள் கரையிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்திருந்தோம். மாணவர் முகங்களில் ஏமாற்றம் தெரியாமலில்லை.

திரும்பி வந்து கரையில் அமர்ந்து புளியோதரையைப் பிரித்தபோது, பாசி எடுக்கும் மூதாட்டி ஒருவர் பேச்சுக்கு வந்தார். முக்காடும் முழுக்கைச் சட்டையும், விரல்களில் துணிச்சுற்றுமாய் இருந்தார். நம் மாணவி ஒருவர், ‘பாட்டி, நீங்க தீவுக்கெல்லாம் போவீங்களா?’ என்றார். ‘சின்னப்புள்ளையிலருந்து போறேன் தாயி. விடிய வல்லத்துல ஏறுனா ரெண்டு மூணு தீவு. தூக்குவாளில கஞ்சி. முங்கி முங்கிப் பாசி எடுத்துட்டுப் பொழுசாயத் திரும்புவோம்’ என்றார். மாணவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அவர்கள் தேடிய பயணத்தை அறுபதாண்டுகளாகச் செய்துவருபவர் எதிரே அமர்ந்திருந்தார்.

கட்டக்கோரை, மரிக்கொழுந்து எனப் பெயரிட்டு இப்பெண்கள் எடுக்கும் கடற்பாசி, அகர் முதலிய பொருள்களாகித் தொழிற்சாலைகளுக்குச் செல்கிறது. அவர்கள் பாசி எடுத்துவந்த தீவுகள் பூங்காவின் எல்லைக்குள் அடங்கியமையால், வாழ்வு தேடிச் செல்வது அத்துமீறலாயிற்று. எனினும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. மாதத்தில் பன்னிரண்டு நாளே பாசி எடுப்பதென்றும், பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவியைக் கைவிட்டு வெறுங்கையால் பறிப்பதென்றும் தமக்குள் வரையறை செய்துகொண்டனர். பாம்பன் அருகிலுள்ள சின்னப்பாலத்தைச் சேர்ந்த பாசி எடுக்கும் பெண் லட்சுமி மூர்த்தி 2015இல் ‘சீகாலஜி’ என்னும் பன்னாட்டு விருதைப் பெற்றார். முத்துச் சலாபத்தில் வெடி வெடித்துக் கடலைத் திறந்ததும் மூடியதும் அரசு. இங்கே மூழ்குபவரே அவ்வேலையை ஏற்றுக்கொண்டனர்.

நாளை இத்தீவுகளை இன்பப் பயணத்துக்குத் திறப்பதாயின் எழ வேண்டிய முதல் வினா இதுவே. வயிற்றுக்காக மூழ்குபவளுக்கு மூடிய கதவு, களிப்புக்காக மூழ்குபவனுக்குத் திறக்கலாமா? திறப்பதே தவறு என்பது நம் கருத்தன்று. அந்தமானில் சாலிபாய், ரெட்ஸ்கின் என்னும் இரு தீவுகளையும் பருவத்துக்கு ஒன்றாக மாற்றித் திறக்கின்றனர். ஒன்றுக்கு ஆட்கள் செல்லும்போது மற்றொன்று ஆறுகிறது. அழிகண்மாயை அறிந்த நமக்கு இம்முறை புதிதன்று. அத்தகையதோர் ஏற்பாடு இங்கும் அமையுமாயின், மூடும் நாளையும் திறக்கும் நாளையும் குறிக்கும் அவையில் பாசி எடுக்கும் பெண்களுக்கு முதலிடம் வேண்டும். அக்கடலின் அடித்தரையைக் கையால் தடவி அறிந்தவர் அவர்களே.

அம்மூதாட்டியிடம் நம் மாணவி, ‘இன்னைக்கு ஏன் பாட்டி கடலுக்குப் போகல?’ என்று கேட்டார். ‘இன்னைக்கு நாள் இல்ல தாயி’ என்றார் அவர், நாம் கொடுத்த புளியோதரையை இலையோடு வாங்கிக்கொண்டே. திரும்பும் வழியில் கமுதிப் பாலத்தின் மேல் வண்டி வந்தபோது குண்டாறு மணலாய்க் கிடந்தது. தீவுப் பயணம் பற்றி மாணவர் மீண்டும் கேட்கவில்லை. அவ்வாண்டு தம் ஊர்க் கண்மாய் எப்போது அழியும் என்பதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தனர்.