ஓரத்தில் எழுதும் வரி

பாகூர், வில்லியனூர்ப் பக்கத்துப் பழைய குடும்பங்களில் டிரங்குப் பெட்டியைக் கிளறினால் ஓர் 'எத்தா சிவில்' நகல் கிடைக்கும். பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் மேரியில் பதிய வேண்டும் என்று பிரெஞ்சுக்காரர் இங்கே ஆணை போட்டது 1880-ல். எழுபதுகளில் நான் கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்தபோது முதலில் உட்கார வைத்தது அந்தப் பதிவேடுகள் அடுக்கிய அறையில்தான். கல்வேயில் பிரெஞ்சு படித்தவன், பழைய கையெழுத்து புரியும் என்று காரணம் சொன்னார்கள். தூசிக்கு வேறு யாரும் சம்மதிக்கவில்லை என்பதுதான் உண்மை.

அந்தப் பதிவேட்டில் எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று, எல்லாம் இரண்டு படி. ஒரு படி மேரியில், மற்றது நீதிமன்றத்தில். ஒன்றைக் கரையான் தின்றாலும் மற்றது இருக்கும். இரண்டாவது, பக்கத்தின் ஓரத்தில் விட்டிருக்கும் வெற்றிடம். ஒருவருக்குக் கல்யாணம் ஆனால் அது வேறு ஊரில் நடந்திருந்தாலும் தகவல் வந்து, அவருடைய பிறப்புப் பதிவின் ஓரத்தில் ஒரு வரி ஏறும். 'மான்சியோன் மார்ழினால்' என்று பெயர். ஒரே பக்கத்தைப் பார்த்தால் ஓர் ஆளின் சட்டபூர்வமான வாழ்க்கை தெரிந்துவிடும். உடம்பைப் பற்றி மட்டும் அதில் ஒரு வரியும் இராது.

எங்கள் பெரியக்காவுக்குச் சின்ன வயதில் மூட்டுகள் வீங்கிக் காய்ச்சல் வந்தது. அந்தக் காய்ச்சல் இருதய வால்வைக் கெடுத்துவிட்டது என்று பிற்பாடுதான் தெரிந்தது. 1994-ல் சென்னையில் உலோக வால்வு வைத்தார்கள். அதில் இரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க அசிட்ரோம் மாத்திரை, மாதாமாதம் ஐ.என்.ஆர். சோதனை. இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதற்கான எண் அது. கூடினால் இரத்தப்போக்கு, குறைந்தால் வால்வில் கட்டி. அக்கா ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, எண், டோஸ் எல்லாம் எழுதி வந்தாள். மூன்றாம் வகுப்போடு நின்றவள், ஆனால் என் பதிவேட்டைவிட அது சுத்தமாக இருக்கும்.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல். ஓடுகள் பறந்து, வீட்டுக்குள் மழை பெய்தது. நோட்டு கூழாகிவிட்டது. இரண்டாவது படி இல்லை.

சில மாதம் கழித்து வயிற்றுப்போக்குக்காகப் பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனாள். 'இருதயத்துக்கு மாத்திரை சாப்பிடறேன்' என்றுதான் சொல்லத் தெரிந்தது. மெட்ரோனிடசோல் எழுதிக் கொடுத்தார்கள். எத்தனையோ பேர் சாப்பிடும் மாத்திரைதான். ஆனால் அசிட்ரோமோடு சேர்ந்தால் அதன் வேகத்தை ஏற்றிவிடும். ஐந்தாம் நாள் ஈறில் இரத்தம், சிறுநீர் டிக்காஷன் நிறம். ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "அம்மாவுக்கு வழக்கமான டோஸ் எவ்வளவு? கடைசி ஐ.என்.ஆர். என்ன?"

"நோட்டு புயல்ல போயிடுச்சு டாக்டர்" என்றேன். முப்பத்தைந்து வருடம் அடுத்தவன் தேதியையெல்லாம் பத்திரப்படுத்தியவன், கூடப் பிறந்தவளின் ஒரு எண்ணைச் சொல்ல முடியாமல் நின்றேன்.

பிழைத்துக்கொண்டாள். அந்த வார்டில் இன்னொன்றும் கவனித்தேன். பக்கத்துக் கட்டில் அம்மாளுக்கும் உலோக வால்வுதான், ஏறக்குறைய அதே வயது, அதே எடை. அக்காவுக்கு நாளைக்கு ஒரு மில்லிகிராம். அந்த அம்மாளுக்கு நாலு. ஏன் என்ற கேள்விதான் என்னைப் படிக்க வைத்தது.

இந்த மருந்துக் குடும்பத்தின் கதையே விசித்திரம். 1920-களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன ஒருவகை வைக்கோலைத் தின்ற மாடுகள் இரத்தம் நிற்காமல் செத்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் என்பவரின் குழு அந்த வைக்கோலிலிருந்த பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் வந்த வார்ஃபரின் 1948-ல் எலி மருந்தாகக் கடைக்கு வந்து, 1954-ல் மனிதர்களுக்கும் மருந்தானது. நாம் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுபட்ட அதே வருடம். அசிட்ரோம் இதற்குப் பங்காளி.

எலி மருந்தாக இருந்தது என்றால் அளவு எவ்வளவு நுட்பமாக இருக்க வேண்டும் பாருங்கள். இதைக் கல்லீரலில் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு. சிலருக்குப் பிறவியிலேயே அது மெதுவாக வேலை செய்யும். அவர்களுக்கு மருந்து உடம்பில் தங்கிவிடும், ஆகவே கொஞ்சமே போதும். மருந்து தாக்குகிற இடத்திலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. இவை மரபணுவில் எழுதியிருக்கும் சங்கதிகள். தமிழர்களிடம் இந்த வேறுபாடுகள் எந்த அளவில் இருக்கின்றன என்று ஆராய்ந்தவர்கள் வேறெங்கும் இல்லை, நம் ஜிப்மரில்தான். பேராசிரியர் ஆதித்தனும் அவர் குழுவும் 2000-களின் தொடக்கத்திலிருந்து இந்த வேலையைச் செய்தார்கள். 2014-ல் தென்னிந்தியர்களுக்கான வார்ஃபரின் அளவைக் கணக்கிட ஒரு சூத்திரமே வெளியிட்டார்கள். அதில் பாரிஸ் ஆய்வாளர்களும் கூட்டு. 1823-ல் பிரெஞ்சுக்காரர் இங்கே தொடங்கிய 'எக்கோல் தெ மெத்சின்' வளர்ந்துதான் ஜிப்மர் ஆனது என்பதை நினைத்தால் எனக்கு அது பொருத்தமாகவே பட்டது. அக்காவுக்கு அந்த மரபணுச் சோதனை செய்ததில்லை. ஆனாலும் ஒரு மில்லிகிராம் என்ன சொல்கிறது என்று ஊகிக்க முடிகிறது.

சூத்திரம் இருந்தால் போதுமா? வயது, எடை, மரபணு, கூடச் சாப்பிடும் மாத்திரை எல்லாம் ஓரிடத்தில் இருந்தால்தானே டாக்டர் கணக்குப் போடுவார்? அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் 2010 முதல் நோயாளியின் மரபணுத் தகவலைக் கணினிப் பதிவிலேயே ஏற்றினார்கள். பொருந்தாத மருந்தை டாக்டர் எழுதப்போனால் திரையிலேயே எச்சரிக்கை வரும். ஓரத்து வரி தானாகவே குரல் கொடுப்பது மாதிரி.

நம் ஊரில் என்ன நடந்தது? 2020 ஆகஸ்ட் 15-ல் தேசிய மின்னணுச் சுகாதாரத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, முதலில் சோதித்துப் பார்த்தது ஆறு யூனியன் பிரதேசங்களில். புதுச்சேரி அதில் ஒன்று. அடுத்த வருடம் செப்டம்பரில் நாடு முழுக்க வந்தது. 'ஆபா' என்ற பதினான்கு இலக்க எண் அதுதான். பதிவுகள் அந்தந்த ஆஸ்பத்திரியிலேயே இருக்கும். நாம் சம்மதித்தால் இன்னொரு டாக்டர் பார்க்கலாம் என்பது ஏற்பாடு. கணினி நம் கிராமங்களுக்குப் புதிதல்ல. 1998-லேயே சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை வில்லியனூரை மையமாக வைத்து எம்பலம், வீராம்பட்டினம் முதலிய ஊர்களில் தகவல் மையம் திறந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள்.

இதில் அவசரப்படக் கூடாது என்பதும் தெரியும். பிரான்சில் 2004-லேயே சட்டம் போட்டார்கள். எல்லோருக்கும் கணக்கு திறந்த 'மோன் எஸ்பாஸ் சாந்தே' வந்தது 2022-ல். அங்கே இருக்கும் என் மாமா மகன், பழைய சொல்தா, பச்சை அட்டையைக் காட்டி என்னைச் சீண்டுவான். அவனும் மாத்திரைப் பட்டியலைப் பர்ஸில் காகிதத்தில்தான் வைத்திருக்கிறான்.

எனக்கு இருக்கும் பயம் வேறு. எத்தா சிவில் மேசையில் இருந்தபோது சம்பந்தம் பேசுகிறவர்கள் மெதுவாக வந்து, 'அந்தப் பொண்ணோட பிறந்த தேதி மட்டும் பார்த்துச் சொல்லுங்க சார்' என்பார்கள். பொன்னாங்கண்ணிக் கீரைக்கட்டு கொண்டுவந்தவரும் உண்டு. சொன்னதில்லை. பிறந்த தேதிக்கே இப்படி என்றால், வலிப்பு, வால்வு எல்லாம் தெரிகிற ஏட்டுக்கு எத்தனை பேர் வருவார்கள்? 2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சம்மதம் கேட்டு ஓ.டி.பி. வருவதென்னவோ அக்காவின் பேரன் கையிலிருக்கும் போனுக்கு.

போன மாதம் அவளுக்கு ஆபா எடுக்கப் போனோம். எத்தா சிவில் நகலில் பெயர் பிரெஞ்சு வழக்கப்படி இரட்டை 'எஸ்' போட்டிருக்கிறது, ஆதாரில் ஒற்றை. ஆஸ்பத்திரிச் சீட்டில் கணவர் இனிஷியல், ஆதாரில் அப்பா இனிஷியல். ஒரே அக்கா மூன்று ஆளாக இருந்தாள். பதிவேட்டறையில் இந்த வியாதியை நான் வருடக் கணக்காகப் பார்த்திருக்கிறேன். ஆதார்ப்படியே எல்லாச் சீட்டையும் மாற்றித் தரச் சொல்லி இரண்டு நாள் அலைந்தேன்.

எண் வந்துவிட்டது. இதுவரை அதில் ஏறியிருப்பது மூன்று காகிதம். அக்கா புது நோட்டு ஒன்றில் ஐ.என்.ஆர். எழுதுகிறாள். மாதம் முதல் ஞாயிறு நான் பாகூர் போய் அந்தப் பக்கத்தைப் பார்த்து என் டைரியில் ஒரு படி எழுதிக்கொண்டு வருகிறேன்.