‘காதோஷ்’ என்னும் சொல்லும் காவிரிக் கரையும்

திருப்பலியில் நற்கருணை மன்றாட்டு தொடங்குமுன் நாம் மும்முறை பாடும் சொல் ஒன்று உண்டு. இன்று அதைத் ‘தூயவர்’ என்கிறோம். நம் பாட்டனார் காலத்தில் அது இலத்தீனில் ‘சாங்த்துஸ்’ என்று ஒலித்தது. எருசலேம் ஆலயத்தில் எசாயா இறைவாக்கினர் காட்சியில் அதைக் கேட்டபோது அது எபிரேயத்தில் ‘காதோஷ்’. ஞாயிறுதோறும் நாவில் வந்து போகும் இச்சொல்லின் பொருள் யாது என்று நின்று கேட்டவர் நம்மில் குறைவு. கேட்கத் தொடங்கினால் அது நம்மைத் தஞ்சை வயல்களுக்கும், இடிந்தும் இடியாமலும் நின்ற சில சுவர்களுக்கும் இட்டுச் செல்கிறது.

தொடக்கநூலில் இவ்வேர்ச்சொல் முதன்முதலாக வருவது ஏழாம் நாளைக் குறித்து. மற்ற ஆறு நாள்களும் அழுக்கானவை, ஏழாம் நாள் மட்டுமே கழுவப்பட்டது என்று எவரும் அதற்குப் பொருள் கொள்ளார். அந்நாள் ஏனைய நாள்களினின்று பிரித்தெடுக்கப்பட்டு இறைவனுக்கென வைக்கப்பட்டது, அவ்வளவே. மோசே மிதியடியைக் கழற்றி நின்ற நிலமும் ஆடு மேயும் தரைதான். தொடக்கநூல் 38-ஆம் அதிகாரத்தில், கோயிற் பணிக்கென விடப்பட்ட பெண்ணைக் குறிப்பதாகப் பலர் கொள்ளும் எபிரேயப் பெயரும் இதே வேரிலிருந்து பிறந்தது. ஆகவே ஒழுக்கத் தூய்மை இச்சொல்லின் அடித்தளம் அன்று. தனியே வைக்கப்படுதலே அதன் அடித்தளம் என அறிஞர் பலர் கருதுகின்றனர்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ‘சுத்தமான’ என்பதற்கு எபிரேயத்தில் வேறு சொல் இருக்கிறது: ‘தாகோர்’. அதற்கு எதிர்ச்சொல் தீட்டைக் குறிக்கும் ‘தாமே’. காதோஷ் என்பதற்கோ எதிர்ச்சொல் தீட்டு அன்று. ‘ஹோல்’, அதாவது பொதுவானது, அன்றாடப் புழக்கத்தில் இருப்பது. லேவியர் நூல் 10-ஆம் அதிகாரத்தில் குருக்களுக்குக் கட்டளை தரப்படும்போது இவ்விரு இணைகளும் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. ஒன்று மற்றொன்றாகாது.

எபிரேய மறைநூலைத் தமிழில் பெயர்த்து அச்சேற்றும் பணி நம் காவிரிக் கழிமுகத்திலேயே தொடங்கியது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டை அச்சிட்டபின் பழைய ஏற்பாட்டில் ரூத்து நூல் வரை மொழிபெயர்த்து, 1719-இல் இறந்தார். எஞ்சியதைச் சூல்ச் ஐயர் முடித்தார். அம்மரபில் பின்னர் நிலைத்த சொல் ‘பரிசுத்தம்’. கத்தோலிக்கராகிய நாம் ‘அர்ச்சியசிஷ்ட’ என்றோம். பிற்காலத்தில் ‘புனித’ என்றோம். இரு சபையாரும் கூடி உழைத்து 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் ‘தூய’ என்கிறது. அழகிய சொற்களே. எனினும் பரிசுத்தமும் தூய்மையும் தாகோர் என்னும் சொல்லின் பக்கம் நிற்பவை. வேறொரு நாட்டில் இதனால் பெருந்தீங்கு விளைந்திராது. நம் நாட்டிலோ ‘சுத்தம்’ என்ற சொல்லை உச்சரித்த மாத்திரத்தில் அதன் முதுகுக்குப் பின்னே ‘தீட்டு’ வந்து நின்றுவிடும். பழியெல்லாம் மொழிபெயர்ப்பாளர் மீது போடுவதற்கில்லை. இலத்தீனில் பாடிய காலத்திலும் சுவர்கள் எழுந்தன.

தனியே வைத்தலுக்கு நம் மக்களிடம் நல்ல தமிழ்ச் சொல் ஒன்று இருக்கிறது: ஒதுக்குதல். சம்பா அறுவடை முடிந்து களத்தில் போரடித்துத் தூற்றிய பின், பொலியிலிருந்து விதைக்கென நல்ல நெல்லை முதலில் ஒதுக்குவர். அது பத்தாயத்து நெல்லோடு கலக்கப்படுவதில்லை. வைக்கோற்புரி சுற்றிக் கோட்டை கட்டி வைப்பதும் உண்டு. வீட்டில் அரிசி தீர்ந்தால் அடுத்த வீட்டில் கடன் கேட்பார்களேயன்றி விதைக்கோட்டையை அவிழ்க்க மாட்டார்கள். (இன்று விதை பெரும்பாலும் சான்றுச்சீட்டு கட்டிய பையில் கடையிலிருந்து வருகிறது, அந்த நெஞ்சழுத்தம் இளையோருக்குத் தெரிய வாய்ப்பில்லை.) ஒதுக்கிய நெல் உயர்ந்த நெல் என்பதற்காக உத்தரத்தில் ஏற்றிப் பார்த்துக்கொண்டிருப்பதற்கன்று. ஆற்றில் தண்ணீர் வந்ததும் அது நாற்றங்காலுக்குப் போகும். முதலில் சேற்றில் விழுவது அதுவே.

ஆனால் அதே சொல்லை ஊர் வேறு விதமாகவும் ஆண்டது. பஞ்சாயத்தில் ஒரு குடும்பத்தை ‘ஒதுக்கி வைத்தார்கள்’ என்றால் அக்குடும்பத்துக்குத் தண்ணீரும் நெருப்பும் கிடையா. உழுது நட்டு அறுத்த மக்களின் குடியிருப்பு ஊருக்கு ‘ஒதுக்குப்புறத்தில்’ இருந்தது. விதையை ஒதுக்கியதும் சேரியை ஒதுக்கியதும் ஒரே கை. நம் வட்டாரத்துக் கிறிஸ்தவ வரலாற்றைப் படிக்குந்தோறும் இந்த இரு ஒதுக்கல்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதையே நாம் காண்கிறோம்.

மராட்டிய மன்னர் சகஜி தஞ்சையை ஆண்ட காலத்தில், 1701-இல், கிறிஸ்தவர்மேல் வேதகலாபனை எழுந்தது. அக்காலத்துத் தஞ்சைக் கிறிஸ்தவர் எண்ணிக்கையில் சிறியவர். அவர்களைக் காக்கப் படையோ பதவியோ இல்லை. விசுவாசத்தை விட்டுவிட்டால் வயலும் வீடும் மிஞ்சும் என்ற நிலையில், விடாதவர்கள் வயலையும் வீட்டையும் இழந்தார்கள். அலைந்தவர்களுக்குக் கொள்ளிடத்தின் வடகரை அடைக்கலமாயிற்று. அரியலூர்ப் பாளையத்தைச் சார்ந்த ஏலாக்குறிச்சி அத்தகைய ஊர். பின்னர் வீரமாமுனிவர் அங்கே தங்கி, ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டினார். அன்னையை அடைக்கல மாதா என்று அழைத்தார். இன்று தேர் பார்க்கப் போகும் நமக்கு அப்பெயர்கள் பழகிப்போய்விட்டன. ஆற்றைக் கடந்து ஓடிவந்தவர்களின் காதில் அவை வேறு விதமாக ஒலித்திருக்கும். காதோஷ் என்ற சொல்லை அறியாமலே அதன் பொருளில் வாழ்ந்தவர் அவர்கள்.

அடுத்த நூற்றாண்டில் இன்னொருவர் வருகிறார். வேதநாயக சாஸ்திரியார் நம் சபையைச் சேர்ந்தவரல்லர். சுவார்ட்ஸ் ஐயரிடம் கல்வி கற்ற லுத்தரன். இரண்டாம் சரபோஜி மன்னர் அவரோடு உடன் பயின்றவர். 1800-இல் ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடிய அவருடைய தமிழ் அரண்மனையிலும் மதிக்கப்பட்டது. தம் குலதெய்வத்தின்மேல் அதுபோன்றதொரு குறவஞ்சி பாடும்படி மன்னர் கேட்டதாகவும், சோறிடும் கை சினந்தாலும் சினக்கட்டும் என்று சாஸ்திரியார் மறுத்துவிட்டதாகவும் தஞ்சைக் கிறிஸ்தவர் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். மரபுச் செய்தி எவ்வாறாயினும், மன்னரை நண்பராகக் கொண்ட ஒருவர் தம் பாட்டை ஆண்டவருக்கென்றே ஒதுக்கி வைத்தார் என்பதற்கு அவருடைய நூல்களே சான்று.

அதே மனிதர் 1829-இல் ‘சாதி திருத்தலின் பயித்தியம்’ என்றொரு நூல் எழுதினார். ஆலயத்தில் அனைவரும் சாதி பாராமல் ஒன்றாக அமர வேண்டும், ஒரே கிண்ணத்தில் பருக வேண்டும் என்று புதிய மறைப்பணியாளர் வற்புறுத்தியபோது, அதை எதிர்த்து எழுதியது. 1833-இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழியவேண்டும் என ஆணையிட்டபோது தஞ்சைச் சபையாரில் பலர் பணியவில்லை. அரசன் முன்னே வளையாத முதுகு, அண்டையில் அமர வந்த சகோதரன் முன்னேயும் வளையவில்லை. இவ்விரண்டும் ஒரே மனவுறுதியின் இரு முகங்கள் என்று சாஸ்திரியார் எண்ணியிருக்கலாம். சாஸ்திரியாரை இகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவருடைய கீர்த்தனைகளை விரும்பிக் கேட்பவர்கள் நாம். கற்றவர், பக்தர், அஞ்சாதவர்; அவரே இதில் தடுமாறினார் என்பதுதான் நம்மை வருத்துகிறது.

இதை மாற்றார் வீட்டுக் கதையாக வாசிக்க நமக்கு இடமில்லை. சாஸ்திரியார் பிறப்பதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1745 அக்டோபரில், ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் புதுச்சேரி ஆலயத்துக்குள் இருந்த ஒரு சுவரைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களைப் பிரித்து நிறுத்த எழுப்பப்பட்டது அது. அம்மக்கள் திரண்டு பெரிய குருவிடம் சென்று, கடவுள் எல்லார்க்கும் பொதுவாயின் இச்சுவர் எதற்கு என்று முறையிட்டனர்; சுவர் எடுக்கப்பட்டது. உடனே மறுபக்கத்தார் கொதித்தெழுந்தனர். பிள்ளையவர்கள் கிறிஸ்தவரல்லர். வெளியிலிருந்து பார்த்தவரின் பேனா இதைக் குறித்துக்கொண்டது என்பதில் நமக்கு ஒரு கூச்சம் உண்டு.

லேவியர் நூல் 19-ஆம் அதிகாரம் இக்கூச்சத்தை மிகுவிக்கிறது. ஆண்டவர் காதோஷ் ஆதலால் மக்களும் அவ்வாறே இருக்கவேண்டும் என்று அவ்வதிகாரம் தொடங்குகிறது. அதற்குரிய வழி என்னவென்று கண்களை ஓட்டினால், விலகி நில் என்ற பேச்சைவிட வயலும் களமும் கூலியுமே மிகுதியாக வருகின்றன. அறுக்கும்போது வயலின் ஓரத்தை ஏழைக்கும் அயலானுக்கும் விட்டுவிட வேண்டும். சிந்திய கதிரைப் பொறுக்கலாகாது. கூலியாளின் கூலி விடியும்வரை முதலாளியிடம் தங்கலாகாது. மரக்காலும் தராசும் சரியாயிருக்க வேண்டும். குடியேறிய அயலானைத் தன்னைப்போல் நேசிக்க வேண்டும். ஏதோ நம் ஊர்க் கணக்கப்பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி எழுதியது போலிருக்கிறது.

எசாயா நூலின் 65-ஆம் அதிகாரத்திலோ இதே வேர்ச்சொல் மனிதர் வாயிலும் வருகிறது. எட்ட நில், கிட்ட வராதே, உன்னிலும் நான் காதோஷ் என்ற கருத்தில் சிலர் பேசுகின்றனர். அத்தகையோர் தம் மூக்கில் ஏறும் புகை என்கிறார் ஆண்டவர். சேரிக்கு எட்டத்திலிருந்து கைகாட்டி விலகச் சொன்ன குரலை நேரில் கேட்ட முதியோர் நம் பங்குகளில் நெடுங்காலம் இருந்தனர். அவர்களுக்கு இவ்வசனத்துக்கு விரிவுரை தேவைப்பட்டதில்லை.

கூலியைப் பற்றிய கட்டளையைப் படிக்கும்போது தஞ்சை மண்ணில் பிறந்த நாம் ஒரு நாளைக் கடந்து செல்ல முடிவதில்லை. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில், நெற்கூலி உயர்வு கேட்டுச் சங்கமாய் நின்ற தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். அவர்களில் பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. அது கிறிஸ்து பிறப்பு விழாவின் இரவு. சில காத தூரத்தில் வேளாங்கண்ணியில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்திருக்கும்.

தனித்து நின்ற ஒருவரின் பெயரைச் சொல்லாமல் இதை முடிக்க மனம் வரவில்லை. அவர் நம் கழிமுகத்தவரல்லர். தென்கோடி நட்டாலத்தைச் சேர்ந்தவர். புதுச்சேரிச் சுவர் எடுக்கப்பட்ட அதே 1745-இல், மே 14 அன்று, திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் நீலகண்டப் பிள்ளை திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். விசுவாசத்துக்காகத் தம் சுற்றத்தினின்று பிரிந்தார். பிரிந்தவர் போய்ச் சேர்ந்தது தாழ்த்தப்பட்டோர் வீட்டுத் திண்ணைக்கு. அவர்களோடு கலந்து பழகினார் என்பதும் அவர்மேல் எழுந்த பகைக்கு ஒரு காரணம். 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அவர் ஞானஸ்நானம் பெற்ற அவ்வூரில் 1872-இல் பெரிய ஆலயம் எழுந்தபோது, இரு சாதியார் ஒருவரையொருவர் காணாமல் ஒரே பீடத்தை மட்டும் காணும்படி இரண்டு கிளைகளாக, நடுவே சுவர் வைத்துக் கட்டினார்கள். 1910-ஆம் ஆண்டளவில் கோசானல் சுவாமிகள் அச்சுவரை இடித்தார். சுவரை இழந்தவர்கள் வழக்குத் தொடுத்தனர். ஆலயத்தில் சாதிக்கென்று தனியிடம் கேட்கும் உரிமை இல்லை என்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்த்தது. திருத்தந்தை பிரான்சிஸ் தேவசகாயத்தைப் புனிதர் வரிசையில் சேர்த்தது 2022 மே 15 அன்று.