மலையிலிருந்து கடலுக்கு ஒரு கேமரா

1950 ஏப்ரல் 14. திருவண்ணாமலை. ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில், தான் தங்கியிருந்த வீட்டுக்கு வெளியே திறந்தவெளியில் ஒரு வெள்ளைக்காரர் நண்பர்களோடு நின்றுகொண்டிருக்கிறார். ஆசிரமத்துக்குள் ரமண மகரிஷி கடைசி மூச்சுகளை விட்டுக்கொண்டிருக்கிறார். திடீரென்று தெற்கு வானத்தில் ஓர் ஒளி. வால் நீண்ட எரிநட்சத்திரம் போல இருந்தது. ஆனால் எரிநட்சத்திரத்தின் அவசரம் அதற்கு இல்லை. நிதானமாக வானத்தைக் கடந்து, அருணாசலத்தின் உச்சிக்குப் போய், மலைக்குப் பின்னால் மறைந்தது. எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். 8.47. ஆசிரமத்துக்கு ஓடினால், மகரிஷி அந்த நிமிடத்தில்தான் உயிர் நீத்திருந்தார்.

அந்த வெள்ளைக்காரர் சாதாரண ஆள் இல்லை. ஹென்றி கார்ட்டியர் பிரெஸ்ஸான். உலகப் புகைப்படக் கலையின் பிதாமகர்களில் ஒருவர். 1948 ஜனவரி 30 அன்று காந்தியைச் சந்தித்துவிட்டு வந்தவர். அன்று மாலையே காந்தி சுடப்பட, அந்த இறுதி ஊர்வலத்தை உலகத்துக்குக் காட்டியதும் அவருடைய கேமராதான். கண்ணிமைக்கும் நேரத்தில் நடப்பதைக் கவ்விப் பிடிப்பதுதான் அவர் வித்தை. 1952-ல் வந்த அவருடைய புகழ்பெற்ற புத்தகத்தின் ஆங்கிலத் தலைப்புக்கே 'தீர்மானமான கணம்' என்றுதான் அர்த்தம்!

அப்பேர்ப்பட்டவர் அங்கேயே நின்றும், அந்த ஒளிக்கு அவர் சொன்ன வார்த்தைதான் இன்றும் சாட்சி. கேமரா சாட்சி சொல்லவில்லை.

சரி, இதற்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது.

திருவண்ணாமலையிலிருந்து பிரெஸ்ஸான் போனது பாண்டிச்சேரிக்கு. கடலுக்காக அல்ல, அரவிந்தருக்காக. ஏறக்குறைய முப்பது வருடங்களாகப் படமெடுக்க யாருக்கும் அனுமதி தராமல் இருந்த அரவிந்தரை, அந்த ஏப்ரல் மாதக் கடைசியில் அவர் படமெடுத்தார். அதே டிசம்பர் 5-ம் தேதி அரவிந்தர் மறைந்துவிட்டார். அன்றைக்குத் திருவண்ணாமலையிலிருந்து பாண்டிச்சேரிக்குப் போவது என்றால், இந்தியாவிலிருந்து பிரெஞ்சு மண்ணுக்குப் போவது. பாண்டி நம் கைக்கு வந்தது 1954 நவம்பரில்தான்.

இன்றைக்கு அது சுமார் நூறு கிலோமீட்டர். பௌர்ணமிக்குக் கிரிவலம் முடித்த கையோடு வண்டியைக் கிளப்பினால், விடியும்போது கடற்கரையில் நிற்கலாம். நிறைய பேர் அப்படித்தான் செய்கிறார்கள். வழியில் செஞ்சிக் கோட்டை. அங்கிருந்து போன கல்தூண்கள்தான் பாண்டி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. அந்தத் தூண்களுக்கு நடுவே சூரியன் எழும்புவதை செல்போனில் எடுத்துக்கொண்டு, அப்படியே கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம், சென்னை என்று படமெடுத்துக்கொண்டே போகலாம். அலை, சூரியன், மேகம். அழகான படங்கள்தான்.

ஆனால் பிரெஸ்ஸான் வந்தபோது பாண்டியில் இருந்த கடற்கரை வேறு. 1866-ல் கட்டிய இரும்புப் பாலம் கடலுக்குள் நீண்டிருந்தது. 1952 புயல் அதை விழுங்கிவிட்டது. பதிலுக்குக் கட்டிய புதிய பாலத்திலும் ஒரு பகுதி 2022 மார்ச்சில் சரிந்தது. பாலம் விழுந்தது எல்லோர் கண்ணிலும் பட்டது. கண்ணில் படாமல் போனது இன்னொன்று: மணல்.

பழைய படங்களில் ஊருக்கு முன்னால் நல்ல மணல்வெளி இருக்கிறது. 1990-களுக்குப் பிறகு எடுத்த படங்களில் அந்த இடத்தில் கருங்கல். வரிசையாகக் கொட்டிய பாறாங்கற்கள். கால் நனைக்கவே இடமில்லை. எங்கே போயிற்று அந்த மணல்?

நம் கிழக்குக் கரையில் மணல் ஓர் இடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. சோழகக் காற்று அடிக்கும் மாதங்களில் அலைகள் அதை வடக்கே தள்ளிக்கொண்டு போகும். வாடைக் காலத்தில் தெற்கே திருப்பித் தள்ளும். கூட்டிக் கழித்துப் பார்த்தால், வடக்கே போவதுதான் அதிகம். வருஷத்துக்கு லட்சக்கணக்கான கன மீட்டர். கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆறு கரையோரமாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1980-களின் இறுதியில் பாண்டித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் இரண்டு கல் சுவர்கள் நீட்டப்பட்டன. ஆற்றுக்குக் குறுக்கே அணை! தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. தேங்கும் மணலை எடுத்து வடக்குப் பக்கம் கொட்ட வேண்டும் என்று திட்டத்திலேயே ஏற்பாடு இருந்தது. அது ஒழுங்காக நடக்கவில்லை.

நகரத்தைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். கல் நின்ற இடத்தில் கரை நின்றது. ஆனால் கடலின் பசி நிற்கவில்லை, அடுத்த ஊருக்கு நகர்ந்தது. சோலை நகர், கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று வரிசையாக வடக்கே போயிற்று. ஒரு குப்பத்துக்குக் கல் போட்டால் அதற்கு அடுத்த குப்பத்தில் வீடு விழும். மீனவருக்கு மணல் என்பது காட்சிப் பொருள் இல்லை. படகை ஏற்றிவைக்க மணல் வேண்டும். வலை உலர்த்த, கருவாடு காயவைக்க, கரைவலை இழுக்க மணல் வேண்டும். மணல் போனால் பிழைப்பே போச்சு.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், இந்தப் பாடம் நமக்குப் புதிதே இல்லை. சென்னையில் நூறு வருடங்களுக்கு முன்பே நடந்து முடிந்த கதை இது!

சென்னைத் துறைமுக வேலை 1870-களில் தொடங்கியது. அதற்கு முன்பு கப்பல்கள் நடுக்கடலில் நிற்கும். மசூலாப் படகில் அலையோடு மல்லுக்கட்டித்தான் பயணிகள் கரையேறுவார்கள். 19-ம் நூற்றாண்டுப் படங்களில் அந்தப் படகுகளையும், ஊரை ஒட்டி வந்து மோதும் அலைகளையும் இன்றும் பார்க்கலாம். துறைமுகச் சுவர்கள் எழுந்தன. அதே அணை, அதே கதை. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து அகன்றது. 1880-களில் கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே ஓர் உலாச்சாலை போட்டு, 'மெரினா' என்று பெயர் வைத்தார். நாம் சுண்டல் சாப்பிடும் இவ்வளவு அகலமான மெரினா, துறைமுகம் கொடுத்த கொடை. அதற்கான விலையை வடக்கே இருக்கிற ராயபுரமும் திருவொற்றியூரும் இன்றுவரை கட்டிக்கொண்டிருக்கின்றன. நாம் மெரினாவை லட்சம் முறை படமெடுத்தோம். வடக்கே திரும்பி எடுத்தவர்கள் எத்தனை பேர்?

மாமல்லபுரத்திலும் அப்படித்தான். பழைய படங்களில் கடற்கரைக் கோயிலின் காலடியில் அலை அடிக்கிறது. இன்று கல் அரண் இருக்கிறது, புல்வெளி இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமி அடித்துவிட்டுப் போன பிறகு, மணலுக்குள் புதைந்திருந்த செதுக்கிய பாறைகள் கோயிலுக்கு அருகே வெளியே தலைநீட்டின. கரை எங்கே இருந்தது, எங்கே இருக்கிறது என்பதற்குக் கல்லும் சாட்சி, படமும் சாட்சி.

ஒரு நல்ல செய்தியும் சொல்ல வேண்டும். பாண்டியில் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2018-ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கு அடியில் ஒரு செயற்கைத் திட்டை அமைத்தது. அலையின் வேகம் குறைந்து, காணாமல் போன மணல் அந்த இடத்தில் கொஞ்சம் திரும்பி வந்தது. பாண்டியில் பிறந்து வளர்ந்த இளைஞர்கள் தங்கள் ஊர் முகப்பிலேயே மணலில் நடந்தது அப்போதுதான். ஆனால் எல்லாக் குப்பத்துக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

திருவண்ணாமலை வானத்தில் தோன்றிய ஒளி சில நொடிகளில் மறைந்தது. உலகத்தின் கெட்டிக்காரக் கண் அருகில் இருந்தும் படமில்லை. நியாயம்தான், நேரம் இல்லை. ஆனால் பாண்டியின் மணல் மறைய வருடக்கணக்காயிற்று. லட்சக்கணக்கான கேமராக்கள் அங்கே வந்து போயின. அப்படியும் கரையின் கதையைச் சொல்லும் படங்கள் கொஞ்சம்தான். ஏன் தெரியுமா? நாம் எல்லோரும் கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சூரியனை எடுத்துக்கொண்டிருந்தோம்.

வெறும் அலையும் வானமும் மட்டும் இருக்கிற படம், எந்த ஊர்க் கடல் என்றே சொல்லாது. கலங்கரை விளக்கமோ, கோயிலோ, ஒரு படகோ, குப்பத்தின் கடைசி வீடோ படத்தில் இருந்தால் அது ஆவணம். பாண்டியில் 1836-ல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம் அதே இடத்தில்தான் நிற்கிறது. அதிலிருந்து தண்ணீர் எத்தனை அடி என்பதை உங்கள் படம் சொல்லட்டும். தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்த வருஷம் போகும்போது அதே இடத்தில் நின்று இன்னொன்று எடுங்கள்.

அடுத்த கிரிவலம் முடிந்து கடற்கரைக்குப் போனால், சூரியனை ஆசைதீர எடுத்துக்கொள்ளுங்கள். அது நாளைக்கும் அங்கேயே உதிக்கும். பிறகு ஒரே ஒரு முறை திரும்பி நின்று கரையை எடுங்கள். நாளைக்கும் அங்கேயே இருக்கும் என்று அதற்கு உத்தரவாதம் கிடையாது.