வாயில் பறி, கையில் கேமரா

மக்களே, பதிவு போட்டு ரெண்டு மாசம் ஆச்சு. ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் ஜாஸ்தி. இந்தத் தடவை மொக்கை கிடையாது. கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் கொசுவத்தி, கொஞ்சம் குற்ற உணர்ச்சி. பொறுமையா படிங்க.

2019 ஜனவரி. இன்ஜினியரிங் கடைசி வருஷம். சீனியர் ஒருத்தர்கிட்ட கெஞ்சி வாங்கின கேமராவோட நாலு பேர் பழவேற்காட்டுக்குக் கிளம்பினோம். பேருக்குப் பூநாரை பார்க்க. இந்தியாவுல சிலிக்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இது. குளிர்காலத்துல பூநாரைங்க கூட்டமா வந்து இறங்கும்.

எனக்கோ பறவையில ஆர்வமில்லை. அப்போ தலைக்கேறியிருந்தது 'கேண்டிட்' பைத்தியம். அதாவது, படத்துல இருக்கிற ஆளுக்கு நாம எடுக்கிறது தெரியக்கூடாது. தெரிஞ்சா முகம் மாறிடும், படம் செத்துடும். இதுதான் வேதம். பஜார்ல சந்தடி, மீன் ஏலத்துல கத்தல், கூடை தூக்கிட்டு ஓடுற பெண்கள்னு காலையிலேர்ந்து சுட்டுத் தள்ளினேன்.

வெயில் ஏறினதும் ஏரிக்கரைக்குப் போனா, ஆழமில்லாத தண்ணியில நாலஞ்சு இருளர் பெண்கள். வலை கிடையாது, படகு கிடையாது. சேத்துல ரெண்டு கையாலயும் தடவித் தடவி இறால் பிடிக்கிறாங்க. பிடிச்சதைப் போட பனை ஓலையில பின்னின பறி. கை ரெண்டும் வேலையில இருக்கிறதால பறியைப் பல்லால கவ்விக்கிட்டிருக்காங்க.

ஏன் கையால? பழவேற்காட்டுல 'பாடு'ன்னு ஒரு முறை உண்டு. ஏரியில எந்த இடத்துல, எந்த நாள்ல, யார் வலை போடலாம்னு முறை வெச்சு, சீட்டு போட்டுப் பிரிச்சுக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் மாதிரி பட்டினவர் ஊர்களோட பரம்பரை உரிமை அது. சண்டை வராம மீனைப் பங்கிட்டுக்க அருமையான ஏற்பாடு. ஆனா இருளருக்கு அந்தப் பங்குல இடமில்லை. மிச்சம் இருக்கிறது கையும் சேறும்தான்.

அதெல்லாம் அன்னைக்கு எனக்குத் தெரியாது. வாயில பறி, தண்ணியில பிரதிபலிப்பு, பின்னால சூரியன். ஆஹா! ஒரு வயசான ஆயாவை முப்பது படம் எடுத்திருப்பேன். அவங்க நிமிர்ந்து பார்த்துட்டாங்க. பறியை வாயிலேர்ந்து எடுத்துட்டு, வெத்தலைக் காவி ஏறின பல்லைக் காட்டி சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க: "இன்னா கண்ணு, என்னை இம்மாம் எடுத்துனு போறியே, எனக்கு ஒண்ணு தருவியா?"

"கண்டிப்பா ஆயா"ன்னேன். அந்தக் கடைசிப் படத்துல அவங்க கேமராவைப் பார்த்துட்டதால 'வேஸ்ட்'னு ஒதுக்கிட்டேன். பறியைக் கவ்வின நிழலுருவப் படத்துக்குக் கல்லூரிப் போட்டியில ரெண்டாம் பரிசு. பிரிண்ட்? மறந்தே போச்சு.

இந்த 'தெரியக்கூடாது' சட்டம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு பின்னாடி தேடிப் பார்த்தேன். நம்ம ஊர்க் கதையே சுவாரசியமா இருக்கு.

1856ல சென்னை மாகாண அரசு, லின்னேயஸ் டிரைப்ங்கிற ராணுவ கேப்டனை அதிகாரபூர்வ புகைப்படக்காரரா நியமிச்சது. 1857 கடைசியிலயும் 1858லயும் ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர்னு சுத்தினார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைத் துண்டு துண்டா எடுத்து, கிட்டத்தட்ட 19 அடி நீளத்துக்கு ஒட்டின ஆளு! ஆனா அவரோட படங்கள்ல மனுஷங்க அபூர்வம். மெழுகு பூசின காகித நெகட்டிவ்ல ஒளி பதிய நேரம் பிடிக்கும். கல் அசையாது, அதனால பதிஞ்சுடும். நடந்து போறவன் பதிய மாட்டான். ஜே ஜேன்னு இருந்த தெரு, படத்துல வெறும் தெரு.

அடுத்து எட்கர் தர்ஸ்டன். 1885லேர்ந்து 1908 வரைக்கும் சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர். ஊர் ஊராப் போய் ஜனங்களோட மண்டையையும் மூக்கையும் அளந்தவர். ரங்காச்சாரியோட சேர்ந்து, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பத்தி 1909ல ஏழு தொகுதி வெளியிட்டார். இருளரும் அதுல உண்டு. அங்கே மனுஷங்க படத்துல வந்துட்டாங்க, நேரா நிறுத்தி வெச்சு. ஆனா படத்துக்குக் கீழே சாதிப் பேர் இருக்கும், ஆளோட பேர் பெரும்பாலும் இருக்காது. மாதிரிப் பொருள், அவ்வளவுதான்.

1925ல லைக்கா கேமரா சந்தைக்கு வந்தது. சட்டைப்பைக்குள்ள போட்டுக்கலாம். ஓடிக்கிட்டிருக்கிற தெருவைப் படத்துல பிடிக்கிறது சுலபமாச்சு. இந்தக் கலையோட குலசாமி ஹென்றி கார்த்தியே ப்ரெஸ்ஸோன், கேமரா பளபளக்காம இருக்க கறுப்பு டேப் ஒட்டிக்கிட்டுத் திரிவார். 1950 ஏப்ரல்ல நம்ம திருவண்ணாமலையில ரமணரோட கடைசி நாட்களைப் படமெடுத்தவர். 1952ல வந்த அவர் புத்தகத்தோட பிரெஞ்சுத் தலைப்புல ஒரு வேடிக்கை. போலீஸ் வந்தா மூட்டையைச் சுருட்டிக்கிட்டு ஓடுற நடைபாதை வியாபாரிங்களுக்குச் சொல்ற வார்த்தை அதுல இருக்கு. அவசர அவசரமா, ஒளிவுமறைவா எடுத்த படங்கள்னு அர்த்தம். தானே ஒத்துக்கிட்டார், பாருங்க!

தப்பா எடுத்துக்காதீங்க, நான் கேண்டிடுக்கு எதிரி இல்லை. தர்ஸ்டன் ஆளுங்களுக்குக் கேமரா தெரியும், ஆனாலும் முகத்துல உயிர் இல்லை. கார்த்தியே ப்ரெஸ்ஸோன் ஆளுங்களுக்குத் தெரியாது, ஆனா உயிர் இருக்கு. 'தெரியுமா, தெரியாதா'ங்கிறது பாதிக் கேள்விதான். மீதிப் பாதி பழவேற்காட்டுலயே கிடைச்சது.

2022 பொங்கல் லீவு. மறுபடி அங்கே. முதல்ல டச்சுக் கல்லறைக்குப் போனேன். 1613ல கெல்டிரியா கோட்டை கட்டி, 1690ல நாகப்பட்டினத்துக்கு மாறுற வரைக்கும் சோழமண்டலக் கரையில டச்சுக்காரங்களோட தலைமையிடம் இந்த ஊர்தான். கல்லறை வாசல்ல ரெண்டு எலும்புக்கூடு சிற்பம். உள்ளே பேர், தேதி, குடும்பச் சின்னம் எல்லாம் கல்லுல அப்படியே இருக்கு. இதே கரையிலேர்ந்துதான் பஞ்ச காலங்கள்ல ஆயிரக்கணக்கான ஜனங்களை அடிமைகளா வாங்கி, இன்னைக்கு ஜகார்த்தாவா இருக்கிற பட்டேவியாவுக்குக் கப்பல் ஏத்தினாங்க. அவங்களுக்குக் கல்லும் இல்லை, பேரும் இல்லை.

அங்கேர்ந்து நேரா ஏரிக்கரை. ஃபோன்ல இருந்த பரிசுப் படத்தைக் காட்டி விசாரிச்சேன். முகம் இருட்டா இருந்ததால யாருக்கும் அடையாளம் தெரியல. கடைசியில ஒரு அக்கா பறியைப் பார்த்துட்டு, "இது எங்கம்மா பின்னின பின்னல்"னாங்க. ஆயா தவறி ஏழு மாசம் ஆச்சாம்.

குடிசைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. சுவத்துல ஆதார் அட்டைப் படத்தைப் பெருசு பண்ணி மாட்டியிருந்தாங்க. புள்ளி புள்ளியா கலைஞ்சு, ஒண்ணுமே தெரியல. "வேற படமே இல்லப்பா. உங்கிட்ட மூஞ்சி தெரியற மாதிரி இருக்கா?"

அன்னைக்கு ராத்திரி பழைய ஹார்டு டிஸ்க்கைக் குடைஞ்சேன். போட்டிக்கு அனுப்பினதைத் தவிர மிச்சத்தையெல்லாம் அழிக்கிறது என் வழக்கம். கைகால் நடுங்கிச்சு. நல்லவேளை, சோம்பேறித்தனம் காப்பாத்துச்சு. அந்த 'வேஸ்ட்' படம் இருந்தது. லேசா ஆடியிருந்தது. பறி கையில, வாய் நிறைய சிரிப்பு.

பொன்னேரி ஸ்டூடியோவுல ஃப்ரேம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "எங்கம்மா உன்கிட்ட இன்னாவோ கேக்கறா மாதிரி கீது"ன்னாங்க.

கேட்டாங்கதான். மூணு வருஷம் லேட்டா கொடுத்தேன்.

இப்போ நான் செய்யறது இதுதான்: ஒளிஞ்சு எடுத்தாலும், எடுத்த உடனே போய்க் காட்டறேன். வேணாம்னா அவங்க முன்னாடியே அழிக்கிறேன். வேணும்னா அடுத்த தடவை பிரிண்டோட போறேன். வாயில பறியைக் கவ்வியிருக்கிறவங்களால 'வேணாம்'னும் சொல்ல முடியாது, 'கொடு'ன்னும் கேக்க முடியாது இல்லையா?

டிஸ்கி: ஆயா படத்தை இங்கே போடப் போறதில்லை. அது அவங்க வீட்டுச் சுவத்துல இருக்கு. உங்க ஹார்டு டிஸ்க்கிலயும் இப்படி யாரோட சிரிப்பாவது மாட்டிக்கிட்டிருந்தா, பின்னூட்டத்துல சொல்லிட்டு உடனே கிளம்புங்க.