ஜன்னல் மாளிகையில் ஒரு சிறை: ஹார்ட்விக் ஹாலின் கதை

இன்னிக்கு நாம போகப்போறது இங்கிலாந்தோட டெர்பிஷருக்கு. அங்கே ஒரு குன்று மேல ஹார்ட்விக் ஹால்னு ஒரு மாளிகை இருக்கு. தூரத்துல இருந்து பார்த்தா சுவர் எங்கேன்னு தேடணும். அவ்வளவு ஜன்னல்!

இதைக் கட்டினது ஒரு பெண். பெயர் எலிசபெத். வரலாறு அவங்களை 'பெஸ்'னுதான் கூப்பிடுது. இதே ஹார்ட்விக்ல, பெரிய வசதி இல்லாத ஒரு நிலக்கிழார் குடும்பத்துல பிறந்தவங்க. நாலு முறை கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, நாலு முறையும் விதவையானாங்க. சொத்தும் அந்தஸ்தும் படிப்படியா கூடிச்சு. நாலாவது கணவர் ஷ்ரூஸ்பரி பிரபு 1590-ல் இறந்தபோது, நாட்டின் பெரும் பணக்காரப் பெண்களில் பெஸ்ஸும் ஒருவர். வயசு அறுபதைத் தாண்டியாச்சு. அந்த வருஷமே புது மாளிகை வேலை ஆரம்பிச்சுது. 1597-ல் குடிவந்தாங்க. வடிவமைச்சது ராபர்ட் ஸ்மித்சன்னு வரலாற்றாசிரியர்கள் சொல்றாங்க.

அந்தக் காலத்துல கண்ணாடி ரொம்ப விலை. அதனால ஜன்னல்ங்கிறது வெளிச்சத்துக்கு மட்டும் இல்ல, வசதியைக் காட்டுறதுக்கும்தான். வெளியே எல்லாம் சமச்சீரா தெரியணும்னு சில இடங்கள்ல போலி ஜன்னல்கூட வெச்சிருக்காங்க. கண்ணாடிக்குப் பின்னாடி அறையே கிடையாது!

மாடி ஏற ஏற ஜன்னல்களும் உயரமாகும். கீழே சமையலறையும் வேலைக்காரர்களும். நடுவுல குடும்பம். உச்சியில அரசி வந்தா வரவேற்கத் தகுந்த பெரிய மண்டபமும், சுமார் 50 மீட்டர் நீளமான கேலரியும். கோபுரங்களின் தலையில 'இ.எஸ்.' என்ற கல் எழுத்துகள். எலிசபெத் ஷ்ரூஸ்பரிங்கிற பெயரோட முதல் எழுத்துகள் அவை. ஆனா அரசி முதலாம் எலிசபெத் கடைசிவரைக்கும் இங்கே வரவே இல்ல.

அரச ரத்தம் உள்ள ஒருத்தி மட்டும் இங்கேயே இருந்தாள். பெஸ்ஸோட மகள் வயித்துப் பேத்தி, 1575-ல் பிறந்த ஆர்பெல்லா ஸ்டூவர்ட். சின்ன வயசுலயே அப்பா, அம்மா ரெண்டு பேரையும் இழந்தவள். அப்பா வழியில் ஏழாம் ஹென்றியின் வம்சம். குழந்தை இல்லாத அரசிக்குப் பிறகு சிம்மாசனம் இவளுக்கும் வரலாம்னு பேச்சு இருந்தது. யாராவது கடத்திட்டுப் போயிடுவாங்களோங்கிற பயத்துல, பேத்தி தன் படுக்கையறையிலதான் தூங்குறாள்னு பெஸ் அரசவைக்குக் கடிதம் எழுதினாங்க. அப்போ அவளுக்கு 16, 17 வயசு.

27 வயசுலயும் நிலைமை மாறல. 1602 கடைசியில், அரச வம்சத் தொடர்புள்ள ஓர் இளைஞனைக் கல்யாணம் பண்ணிக்க ரகசியமா தூது விட்டாள். விஷயம் வெளியே வந்துடுச்சு. அரசியின் அதிகாரி நேரா ஹார்ட்விக் வந்து, அந்த நீண்ட கேலரியின் ஒரு கோடிக்கு அவளைக் கூட்டிட்டுப் போய் விசாரிச்சார். 1603 மார்ச்ல தாய்மாமா ஹென்றி குதிரை ஆட்களோட வந்தார். அப்பவும் வாசலைத் தாண்ட அவளை விடல.

அதே மாசம் அரசி இறந்துட, சிம்மாசனம் ஆர்பெல்லாவோட பெரியப்பா மகன் ஜேம்ஸுக்குப் போச்சு. 1610-ல் அவள் ரகசியமா கல்யாணம் பண்ணிக்கிட்டாள். அடுத்த வருஷம் ஆண் வேஷத்துல தப்பிச்சாள், கடல்ல பிடிபட்டாள். 1615-ல் லண்டன் டவர் சிறையில் இறந்தாள்.

இன்னிக்கு ஹார்ட்விக் ஹாலை நேஷனல் டிரஸ்ட் பராமரிக்குது. யார் வேணும்னாலும் போய்ப் பார்க்கலாம். அங்கே ஒரு ஓவியம் இருக்கு: ரெண்டு வயசுகூட முடியாத ஆர்பெல்லா, கையில ஒரு பொம்மையோட. ஜன்னல்களைப் பார்த்து முடிச்சதும் அதையும் பார்த்துட்டு வாங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!