பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பிப்பதா? முடிவெடுக்க முன் பார்க்க வேண்டியவை

பாடசாலைக் கட்டடம் இல்லாமலும் பிள்ளைகள் படிப்பார்கள் என்பது எங்களுக்குப் புதிதல்ல. 1995 இடப்பெயர்வுக்குப் பின் மரநிழல்களிலும், 2009இல் செட்டிகுளம் முகாம்களில் தறப்பாள் கொட்டகைகளிலும் எங்கள் பிள்ளைகள் படித்தார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, தாயின் கைத்தொலைபேசியே வகுப்பறையானது. அவை வேறு வழியின்றி நடந்தவை. பாடசாலை திறந்திருக்கும்போதே பிள்ளையை நிறுத்தி வீட்டில் படிப்பிப்பது அப்படியல்ல. அது பெற்றோர் தாங்களாக எடுக்கும் முடிவு.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். முன்னர் 14 ஆக இருந்த மேல் எல்லை 2016இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. பாடசாலைக்கு அனுப்பாவிட்டால், போதுமான கல்விக்குப் பெற்றோர் வேறு ஏற்பாடு செய்திருக்க வேண்டும். எனவே, பெயரை வெட்டுவதற்கு முன் அதிபருடனும் வலயக் கல்வி அலுவலகத்துடனும் பேசுங்கள். பேசியதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

ஏன் நிறுத்த நினைக்கிறீர்கள்?

இதற்கு நேர்மையான பதில் வேண்டும். ஆசிரியர் அடிப்பதால் பிள்ளை போக மறுக்கிறது என்றால், உடல் தண்டனையைக் கல்வி அமைச்சு சுற்றறிக்கை மூலம் தடை செய்துள்ளது என்பதை அறிந்துகொள்ளுங்கள். வலயக் கல்வி அலுவலகத்தில் முறையிடலாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கும் அழைக்கலாம். பிள்ளை வாசிக்கவோ எழுதவோ கஷ்டப்படுகிறது என்றால், விசேட கல்விப் பிரிவு உள்ள பாடசாலை அருகில் உண்டா என விசாரியுங்கள்.

தம்பி, தங்கையைப் பார்க்கவோ வேலைக்குப் போகவோ பிள்ளையை மறிப்பது வீட்டுக் கல்வி அல்ல. அது இடைவிலகல்.

இன்னொரு காரணமும் உண்டு. உறவுகளைப் பறிகொடுத்த வீடுகளில், பிள்ளையை எந்நேரமும் கண்ணுக்கு முன்னால் வைத்திருக்க வேண்டும் என்ற பயம் இருக்கும். அந்தப் பயத்தில் பிழையில்லை. ஆனால் பயப்படுவது பிள்ளையா, நாங்களா என்று ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் பயம் என்றால், அதற்கு உதவி தேட வேண்டிய இடம் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவு. பிள்ளையின் படிப்பை நிறுத்தி அந்தப் பயத்தைத் தீர்க்க முடியாது.

எவை கைவிட்டுப் போகும்?

இலவசப் பாடநூல், சீருடை, ஆரம்பப் பிரிவின் உணவு ஆகியவை பாடசாலையோடு சேர்ந்தவை. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கும் பாடசாலை மூலமே விண்ணப்பிக்கப்படுகிறது. க.பொ.த. சாதாரண தரத்துக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகப் பரீட்சைத் திணைக்களத்துக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். அதற்குத் தேவையான தேசிய அடையாள அட்டையை, பாடசாலைப் பிள்ளைகள் அதிபர் ஊடாகப் பெறுகிறார்கள். நீங்கள் கிராம உத்தியோகத்தர் ஊடாகப் பெற வேண்டும். செயன்முறைப் பரீட்சை உள்ள பாடங்களை எடுப்பதற்கு முன் யோசியுங்கள்.

வீட்டில் எவை வேண்டும்?

பாடநூல்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் கற்பிக்க ஓர் ஆள் வேண்டும். கூலி வேலைக்குப் போய் மாலையில் திரும்பும் தாயால் நாளுக்கு 3, 4 மணித்தியாலம் ஒதுக்க முடியுமா? மேல் வகுப்புக் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலத்தை யார் படிப்பிப்பது? ரியூசனுக்கு அனுப்புவதாயின் அந்தச் செலவு எவ்வளவு? விளையாடக் கூட்டாளிகள் எங்கே?

ஒரு சோதனை செய்து பாருங்கள். அடுத்த விடுமுறையில் நேரசூசி எழுதி ஒட்டி, அதன்படி நாள்தோறும் படிப்பியுங்கள். இரண்டாம் வாரமே குழம்பினால், ஆண்டு முழுவதும் நடத்துவது கடினம். ஒழுங்காக நடந்து, பிள்ளையும் விரும்பினால், மேற்கொண்டு யோசிக்கலாம்.

முடிவு எதுவானாலும், பிறப்புச் சான்றிதழ், முன்னேற்ற அறிக்கைகள், விடுகைப் பத்திரம், பிள்ளை எழுதிய கொப்பிகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். இடப்பெயர்வில் சான்றிதழ்களைத் தொலைத்துவிட்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர்களுக்கு இதன் பெறுமதி தெரியும். திரும்பப் பாடசாலையில் சேர்க்க வேண்டி வந்தாலும் அவைதான் கைகொடுக்கும்.